சூலை தீர்ந்தவாறு

பெரியபுராணம் பயில்வோர் பலரும் திருநாவுக்கரசு நாயனார் புராணத்தைச் சூலைநோய் தோன்றும் இடத்திலிருந்தே கருத்தூன்றிப் படிக்கத் தொடங்குகின்றனர். அதற்கு முன்னுள்ள பகுதி, ஊரும் குடியும் பெற்றோரும் இன்னர் என்று அறிவிக்கும் முகவுரை என்ற அளவில் விரைந்து கடக்கப்படுகின்றது. புராணப் பிரசங்கங்களிலும் இதுவே வழக்கு. திருவாமூரின் வளம் சிறிது பேசப்படும். புகழனார், மாதினியார் என்னும் பெயர்கள் சொல்லப்படும். உடனே கேட்போர் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளிக்கு அழைத்துச் செல்லப்படுவர். இதனால் விளைந்த இழுக்கு ஒன்றுண்டு. சூலையானது புறச்சமயம் புகுந்த குற்றத்திற்கு இறைவன் இட்ட தண்டம் என்றும், திருநீறணிந்து ஒரு பதிகம் பாடியவுடன் அத்தண்டம் நீக்கப்பட்டது என்றும், அறங்கூறவையத்துத் தீர்ப்புப் போல இவ்வரலாறு சுருங்கிவிட்டது. சேக்கிழார் பெருமான் அமைத்த அமைப்பு அத்தகையதன்று. நோய்க்கு முன்னரே ஒரு புண்ணை அவர் காட்டுகின்றார். அப்புண்ணை இருவர் இருவேறு வகையில் தாங்கியதைக் காட்டுகின்றார். அதன் பின்னரே சூலையைக் கூறுகின்றார். இம்முறைவைப்பு ஈண்டு ஆராயற்பாலது.

திருவாமூரில் திலகவதியார் முன்னும், மருணீக்கியார் சில ஆண்டு பின்னுமாகப் பிறந்தனர். திலகவதியார்க்குப் பன்னிரண்டாம் ஆண்டு நிகழுங்கால், அரசனது படைத்தலைவராகிய கலிப்பகையார் மணம் வேண்டிச் சான்றோரை விடுக்கப் புகழனாரும் இசைந்தார். மணம் நிகழுமுன்னரே கலிப்பகையார் வடபுலத்துப் போர்மேற் சென்றார். அவர் மீளுமுன் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். மக்கள் இருவரும் இறுதிக்கடன் கழித்துச் சிறிது தேறிவருங்கால், கலிப்பகையார் களத்தில் மாண்டார் என்னும் செய்தி வந்தது. பெற்றோர் தம்மை அவர்க்கென்று உடன்பட்டமையால் தம்முயிரும் அவர்க்கே உரியது என்று திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். மருணீக்கியார் அவர் திருவடியில் வீழ்ந்து அழுது, தாயும் தந்தையும் போயபின் தமக்கையாரை வணங்கலாம் என்பதொன்றனாலேயே தாம் உயிரோடிருப்பதாகவும், அவர் நீங்கின் அவர்க்கு முன்னே தாம் இறப்பதாகவும் கூறினார். தம்பியின்பொருட்டுத் தமக்கையார் உயிர் தாங்கினார்.

தந்தையையும் தாயையும் தமக்கைக்குக் கணவராக இருந்தவரையும் ஒருவர்பின் ஒருவராக இழந்து, எஞ்சிய ஒரு துணையும் சாகத் துணிந்து நிற்கக் கண்ட சிறுவர் ஒருவரை இங்குக் காண்கின்றோர், அடுத்து வருவனவற்றை இந்நினைவோடே படித்தல் வேண்டும். பெற்றோர் இறந்தபோது சுற்றத்தார் தேற்ற மக்கள் துயர் நீங்கினமையைக் கூறவந்த சேக்கிழார், அத்தேற்றத்தை ‘ஒருவாறு’ என்னும் சொல்லால் அளந்து வைத்தார். முற்றும் தேறினார் என்று பாடுதற்குத் தடையேதும் இல்லை. ஆயினும் அவர் அங்ஙனம் பாடினாரல்லர். சுற்றத்தார் செய்யக்கூடியது அவ்வளவே என்பதும், எஞ்சியது உள்ளே நின்றது என்பதும் அவ்வொரு சொல்லாற் பெறப்படும்.

அதன்பின் மருணீக்கியார் செய்தவை யாவை? உலகத்தின் நிலையாமையைக் கண்டார். பெருநிதி வழங்கினார், அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார், சோலை வைத்தார், குளம் தொட்டார், விருந்தினரைப் பேணினார். பின்னர் நிலையில்லாத வாழ்க்கை தமக்கு வேண்டா என்று துறந்து, சமயங்களுள் நல்லாறு எதுவென ஆராயப் புகுந்து, சமண் சமயம் சார்ந்தார். அந்நூல்களையெல்லாம் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். புத்தரை வாதில் வென்றார். இவற்றுள் ஒன்றேனும் பழித்தற்குரியதன்று. அறம் செய்தலும் நிலையாமை உணர்தலும் மெய்ந்நூல் ஆராய்தலும் சான்றோர் செயல்களே. ஆயினும் அணுகி நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. பொருள் கொடுக்கப்படுகின்றது, நூல் கற்கப்படுகின்றது, வாது வெல்லப்படுகின்றது, இறந்தாரைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. தமக்கையார் காலடியில் வீழ்ந்து அழுத சிறுவர் அதன்பின் அழுததாகச் சூலை வரும்வரை புராணம் கூறவில்லை. நிலையாமை என்னும் பொதுவுண்மை தம் வீட்டு இழவை மூடி நின்றது. தந்தை இறந்தார் என்பதற்கும் உலகம் நிலையாதது என்பதற்கும் பொருளளவில் வேறுபாடு இல்லை. ஆனால் முன்னதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பின்னதை மேடைமேல் நின்று தெளிவாகச் சொல்லலாம்.

அற்றேல், மருணீக்கியாரது மனத்துயர் ஒழிந்தது என்று சேக்கிழாரே கூறியிருக்க, ஒழியாது நின்றது என்றல் எங்ஙனம் பொருந்தும் எனின், தமக்கையார் உயிர் தாங்கியமையால் அப்போதைய துயர் ஒழிந்தது என்பதே அவ்விடத்துக்குப் பொருள். அவரும் இறந்துபடுவாரோ என்னும் அச்சம் நீங்கிற்று. அச்சம் நீங்குதல் வேறு, புண் ஆறுதல் வேறு. புண் ஆறியிருப்பின், அடுத்தடுத்த செய்யுட்களில் நிலையாமை காணல் மீண்டும் மீண்டும் எடுத்தோதப்படுதல் வேண்டா. மனைவாழ்க்கையின் வாயிலில் நின்ற இளைஞர் ஒருவர் அதனை நிலையாதது என்று விடுத்துச் செல்லுதற்கு, நூல் கற்பித்த அறிவைக் காட்டிலும் வலிய காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது.

திலகவதியாரை இனி நோக்குக. இழப்பு இருவர்க்கும் ஒன்று; ஒருவகையில் தமக்கையார்க்கு மிகுதி. அவரைக் குறித்து நிலையாமையுணர்ச்சி பேசப்படவில்லை. அவர் பொன்னும் மணியும் அணியாது, எல்லா உயிர்க்கும் அருள் தாங்கி, மனையிலேயே தவம் புரிந்தார். பின்னர்த் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, புலருமுன் எழுந்து திருவலகிட்டார், திருமெழுக்குச் சாத்தினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியார் பிரிந்து பிறிதோர் நெறி சென்ற வருத்தத்தை அறிவினால் அடக்கினாரல்லர். நாள்தோறும் இறைவன் திருமுன் கொண்டுசென்று வைத்தார். தம்மை ஆள்வது உண்மையாயின் தம்பின் வந்தானையும் எடுத்து ஆளவேண்டும் என்று பன்னாளும் வேண்டினார். கனவில் தோன்றிய இறைவன் முதலில் அவரது மனக்கவலையை ஒழிக என்றதிலிருந்து, அக்கவலை கடைசிவரை கவலையாகவே இருந்தது என்பது தெளிவு. அவர்க்குத் துயரம் குறைவாயிருந்தது என்பதன்று. முறையிடுதற்கு ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு. கைகள் வேலை செய்தன, கண் அழுதது, நெஞ்சு ஒருவரை நோக்கி நின்றது.

இவ்விரண்டு வழிகளையும் அருகருகே நிறுத்திய பின்னரே சூலை வருகின்றது. அது தண்டம் என்னும் கொள்கைக்குப் புராணத்திற் சான்று இல்லை. முற்பிறப்பில் தவம் செய்து சிறிது வழுவிய தொண்டரை ஆட்கொள்ளத் தொடங்கும் வேதனை என்றே சேக்கிழார் அதனை அறிமுகம் செய்கின்றார். ஆளுதற்கு வந்ததை அடித்தற்கு வந்தது என்று கொள்ளுதல் நூலாசிரியர் கருத்தோடு முரணும். அன்றியும், பின்னர் நோய் நீங்கிய நாயனார் தம்மைத் திருவடிக்கண் சேர்த்த அச்சூலைக்குத் தாம் செய்யக்கூடிய கைம்மாறு யாது என்று உருகுகின்றார். தண்டத்திற்குக் கைம்மாறு தேடுவார் இலர்.

நோய் வந்த இடம் வயிறு. நாவினால் வாது வென்றவர், நூலினால் தலைமை பெற்றவர். நாவும் நூலும் எட்டாத இடத்தில் நோய் பற்றியது. முதலில் தாம் கற்ற வித்தைகளால் அதனைத் தடுக்க முயன்றார், நோய் மிகுந்தது. பள்ளியிலிருந்தோர் கூடினர், குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர், மயிற்பீலியால் தடவினர், நோய் பின்னும் மிகுந்தது. தம்மால் ஆவதொன்றில்லை என்று அகன்றனர். இவ்விடத்துச் சமணரை எள்ளி நகையாடுதல் பிரசங்கிகளுக்கு எளிதாய் முடிகின்றது. அஃது இடம் அறியாத நகை. அவர்கள் தம்மாலியன்றதைச் செய்தனர். இயலாதபோது இயலாது என்றனர். அவர்களிடம் இல்லாதது மருந்தன்று. நோயாளியின் பழைய வீட்டை அறிந்தவர் ஒருவரும் அங்கில்லை.

பிறகு நாயனார் நினைந்தது நூலையன்று, தமக்கையாரை. அடுவானாகிய ஏவலனை விடுத்தார். நந்தனவனத்துப் புறத்தே அவனைக் கண்ட திலகவதியார் முதற்கண் வினாவியது தம்பிக்குத் தீங்கேதும் நேர்ந்ததோ என்பதே. சமயம் குறித்த சொல் முதலில் வரவில்லை. ஆயினும் பள்ளிக்குத் தாம் வருதற்கில்லை என்று மறுத்தார். இம்மறுப்பைக் கொள்கைப் பற்றின் உறுதி என்பர். அது மெய்யே. அதனோடு வேறொரு பயனும் அதில் உண்டு. அவர் சென்றிருப்பின் தருமசேனர்க்கு மற்றுமொரு மருத்துவர் வந்தவராவார். வராமையினால் மருணீக்கியார் எழுந்து வரவேண்டியதாயிற்று. பாயுடையை ஒழித்து, உறிதூங்கு குண்டிகையை ஒழித்து, பீலியை ஒழித்து, வெள்ளுடை உடுத்து, பிறர்மேல் ஊன்றிக்கொண்டு, இருளில் நடந்து, தமக்கையார் காலடியில் வீழ்ந்தார். இளமையில் ஒருமுறை வீழ்ந்த அதே காலடி; உய்யும் வழி கேட்ட சொல்லும் ஏறக்குறைய அதே சொல். இடைப்பட்ட ஆண்டுகளின் கல்வியனைத்தும் அவ்விரவில் வழியிலேயே விடப்பட்டது.

திலகவதியார் விடை சொன்ன முறை கருதத்தக்கது. தருமசேனர் கற்ற நூல்களுள் இன்ன பிழை உண்டு என்று அவர் காட்டவில்லை. இந்நாள்வரை எங்குச் சென்றிருந்தாய் என்று கேட்கவுமில்லை. எழுக என்றார், இறைவன் அருளே இது என்றார், அஞ்செழுத்தோதித் திருநீறு அளித்தார், விடியலில் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துத் தாம் நாள்தோறும் செல்லுமாறு கோயிலுக்குச் சென்றார், தம்பியாரும் உடன் சென்றார். அறிவுரை ஒன்றும் இல்லை. ஒரு வேலைக்கு நடுவே தம்பியை அழைத்துச் சென்றார் என்பதே நிகழ்ச்சி.

இனி, நான்காந் திருமுறையின் முதற்கண் நிற்கும் கொல்லிப் பண்ணமைந்த அப்பதிகத்தையே நோக்குதல் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார்க்கு 7-ஆம் நூற்றாண்டினராகிய நாயனாரது இத்திருவாக்கே முதற்சான்று. சமயவாதத்தில் வல்லார் ஒருவர் தம் சமயத்தை விட்டு மீளும்போது பாடிய முதற்பாட்டுக்களில் வாதத்தை எதிர்பார்த்தல் இயல்பு. ஒரு வாதமேனும் அங்கில்லை. முப்பொருளின் இலக்கணம் இல்லை. பரபக்க மறுப்பு இல்லை. குடரைத் துடக்கி முடக்கும் வலி இருக்கின்றது. அவ்வலியைத் தீர்க்கவேண்டும் என்னும் வேண்டுகோள் இருக்கின்றது. அஞ்சேல் என்னாது இருத்தல் தலைவர்க்கு அழகோ என்னும் உரிமைப் பூசல் இருக்கின்றது. வலி பாட்டுத்தோறும் மீள மீள வருகின்றது. பெயர்த்துச் சொல்லுதல் என்னும் குற்றத்தை இங்குக் காண்பார் நோயுற்றார் அருகில் இருந்தறியாதவர்.

அப்பதிகத்தின் ஐந்தாம் பாட்டும் ஏழாம் பாட்டும் தனித்து எடுத்து எண்ணத்தக்கன. ஐந்தாவதில், காத்து ஆளவேண்டியவர் காவலைக் கைவிட்டமையும், கரையில் நின்றோர் நீயே கண்டுகொள் என்று ஆழ்ந்த நீரிலே தள்ளிவிட, நிலைகொள்ளும் துறை அறியாது தாம் தத்தளித்தமையும் கூறப்படுகின்றன. ஏழாவதில், மனைவாழ்வும் பொருளும் உடையராய் இருந்தும், தம்மைத் தலைநின்று காப்பார் ஒருவரும் இல்லாமை கூறப்படுகின்றது. காத்து ஆள்பவர் என்றது சமண ஆசிரியரை என்று கொள்ளவும் இடமுண்டு. ஐம்பொறிகளோடு சார்த்தித் தத்துவப்பொருள் கூறவும் இடமுண்டு. ஆயினும் ஏழாம் பாட்டிலுள்ள மனையும் பொருளும் பள்ளியைச் சார்ந்தனவல்ல, திருவாமூரைச் சார்ந்தன. பெரும்பொருளுடைய வீட்டில் காப்பாரின்றி நின்ற சிறுவரது குரல் அது. பள்ளியில் இருந்தபோது நிலையாமை என்று பெயரிட்டு அமைத்த ஒன்று, திருவதிகை முன்றிலில், காப்பார் இல்லை என்னும் தன் பழைய பெயரோடே வெளிப்பட்டது. வயிற்றுவலியைத் தீர்க்க வேண்டி நிற்பவர்க்குக் காவலின்மை நினைவுக்கு வருவானேன் என்று கேட்டுப் பார்ப்பின், பெற்றோர் இறப்பையும் சூலையையும் சேக்கிழார் ஒரே தொடரில் வைத்ததன் நுட்பம் விளங்கும். பதிகத்தை அவர் படித்தது போலப் படித்தார் சிலரே.

ஆறாம் பாட்டினாலும் இதுவே வலியுறும். வழிபாட்டுப் பொருள்களையும் இறைவன் புகழையும் தாம் ஒருகாலும் மறந்ததில்லை என்கின்றார் நாயனார். நெடுங்காலம் பிற சமயத்தில் தலைமை பூண்டவர் இங்ஙனம் கூறுதல் எங்ஙனம் என்பது பழைய வினா. முற்பிறப்புத் தவத்தைச் சுட்டி அதற்கு அமைதி கூறுவர். அவ்வமைதி தக்கதே, அதனோடு மற்றொன்றும் கொள்ளலாம். மறந்தது கருத்து, மறவாதது அதன் கீழ்க் கிடந்த உணர்ச்சி. வலி கருத்தைக் கிழித்தபோது மறவாதது பேசிற்று. ஆதலின் அக்கூற்று பொய்யுமன்று, மிகைபட மொழிந்ததுமன்று.

நெஞ்சப்புண்ணைப் பற்றிய மேனாட்டு ஆராய்ச்சி மிகப் பிற்பட்டது. எனினும் ஈண்டு ஒப்புநோக்கத் தகும். வியன்னா நகர மருத்துவராகிய புரூயரும் பிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில், துன்ப நிகழ்ச்சியை அதனோடு பிறந்த உணர்ச்சியின்றி வெறுமனே நினைவுகூர்தலால் பயன் பெரும்பாலும் விளைவதில்லை என்று கண்டெழுதினர். நோயின் காரணத்தை நோயாளிக்கு எடுத்துச்சொல்லிவிட்டால் போதும் என்று கருதிய மருத்துவரை நோக்கிப் பிராய்டு 1910-இல், அது பஞ்சத்தில் பசித்தவர்க்கு உணவுப் பெயர்களின் பட்டியலை வழங்குதல் போலும் என்றார். முதல் உலகப்போரில் அதிர்ச்சியுற்ற படைத்தலைவர்களுக்கு எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மருத்துவம் செய்த ரிவர்ஸ் என்பார் கூறியது இன்னும் நுட்பமானது. இவர் முன்னர் நீலகிரியில் தங்கித் தோடரை ஆராய்ந்து 1906-இல் நூல் வெளியிட்டவர். துன்பத்தை மறந்துவிடுக, நினைவை அடக்குக என்னும் அக்கால அறிவுரையே நோயை வளர்த்தது என்று 1917-இல் அவர் எடுத்துரைத்தார். குண்டினாற் சிதைந்த நண்பரது உடலைக் கண்ட ஒருவர், இரவுதோறும் அக்காட்சியைக் கனவிற் கண்டு நடுங்கி வந்தார். உடல் அவ்வளவு சிதைந்தமையால் நண்பர் வேதனையின்றி நொடியில் இறந்திருத்தல் வேண்டும் என்று ரிவர்ஸ் சுட்டினார். பின்னொரு கனவில் அவர் நண்பரது உடலருகே மண்டியிட்டார். விழித்தபோது நடுக்கம் இல்லை, நண்பரை இழந்த துயரம் மட்டுமே இருந்தது. இங்கு மருத்துவர் அளித்தது ஓர் அறிவுதான். ஆனால் அவ்வறிவு அழுகையைத் தடுக்கவில்லை, அழுகைக்கு வழி திறந்தது. வேறொருவர்க்கு அத்தகைய வழி ஒன்றும் கிட்டாமையால் தம் முறை பயன்படவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைத்தாரல்லர்.

எனவே உணர்ச்சி வெள்ளமே மருந்து என்று கொள்ளுதலும் தவறு. அமெரிக்க உளநூலாராகிய பென்னிபேக்கரும் பீலும் 1986-இல் வெளியிட்ட சோதனையில், மாணாக்கர் சிலர் தம் வாழ்வின் பெருந்துன்பத்தை நாளொன்றுக்குக் கால் மணி நேரமாக நான்கு நாள் எழுதினர். நிகழ்ச்சியை மட்டும் எழுதியவர், உணர்ச்சியை மட்டும் எழுதியவர், இரண்டையும் சேர்த்து எழுதியவர் எனப் பகுத்து நோக்கியபோது, சேர்த்து எழுதியவரே அடுத்த ஆறு திங்களில் மருத்துவரை நாடுதல் குறைந்தவராயினர். திருவதிகைப் பதிகத்திலும் வெற்றழுகை இல்லை. நடந்தது இன்னது, வலி இன்னது, தீர்க்கவேண்டியவர் இன்னார் என்பன மூன்றும் ஒவ்வொரு பாட்டிலும் பிணைந்து கிடக்கின்றன. மூன்றாவதாகிய முன்னிலையைப் பற்றி அச்சோதனைகள் பேசவில்லை. பாட்டுக்கு உயிர்நிலை அதுவே.

சைவசித்தாந்தம் ஞானத்தினாலே வீடு என்பது. உணர்ச்சிக்கு இத்துணை ஏற்றம் தருதல் அதனோடு மாறாகாதோ எனின், ஆகாது. சொல்லாலும் நூலாலும் வருவதனைப் பாசஞானம் என்றும், தானே அறிந்ததாகச் செருக்குவதனைப் பசுஞானம் என்றும் பிரித்து, இரண்டனையும் கடந்ததே பதிஞானம் என்பது சித்தாந்தம். ஒன்பதாஞ் சூத்திரத்துள் ஞானக்கண் வேண்டும் என்ற மெய்கண்டதேவர், பதினொன்றாஞ் சூத்திரத்துள் திருவடி கூடுதற்கு அன்பையே வாயிலாக வைத்தார். அறிதலையும் நெஞ்சில் நுகர்தலையும் உணர்வு என்னும் ஒரு சொல்லால் வழங்குவது தமிழ். அவ்வொன்றை இரண்டாகப் பிளந்து, அறிதலை உயர்த்தி நுகர்தலைத் தாழ்த்துவது பிற்காலத்துப் படிப்பாளிகளின் பழக்கம்.

அறிவுரையால் துயர் தீர்த்ததற்கு எடுத்துக்காட்டாக மணிமேகலைச் சிறைவிடு காதையைக் காட்டுவாருமுளர். மகனை இழந்த இராசமாதேவியை நோக்கி, அழுதது உடலுக்கோ உயிருக்கோ என்று மணிமேகலை வினாவுகின்றாள். உடலுக்காயின் அதனைப் புறங்காட்டில் இடுவித்தவர் யார் என்றும், உயிருக்காயின் அது புக்க இடம் யாதென்றும் கேட்டுத் தெளிவிக்கின்றாள், தேவியும் தெளிகின்றாள். வாதம் கூர்மையானது, தாய் ஒருத்திக்குக் கூறத்தக்கதோ என்று நெஞ்சு ஐயுறும் அளவுக்குக் கூர்மையானது. ஆயினும் சாத்தனார் அதனை வெறுவாதமாக விடவில்லை. அவ்வுதயகுமரன் முற்பிறப்பில் தன் கணவன் என்றறிந்த மணிமேகலை, அவனுடல் வெட்டுண்டு கிடந்தபோது தானே புலம்பித் தழுவச் சென்றவள். தான் அழுது முடித்த பின்னரே பிறளொருத்திக்கு அழுகையின் பயனின்மையைக் கூறுகின்றாள். அவ்வினாவை எடுத்தாள்வோர் அவ்வழுகையை எடுத்தாள்வதில்லை.

எடுத்தாளாமையின் தீமை இழவு வீடுகளிற் காணப்படும். மகனைப் பறிகொடுத்த தாயின் முன் அமர்ந்து யாக்கை நிலையாமை பேசுதலும், கண்ணீர் விடுதல் சிவபத்திக்குக் குறைவு என்றலும் அடியார் சிலரிடத்து வழக்கமாகிவிட்டன. அத்தாய் அழுகையை நிறுத்திவிடுவாள். வந்தவர் தம் சொல் பயன்பட்டது என்று எழுந்து செல்வர். நாயனார் சூலையினின்றும் நீங்கிய வரலாற்றை ஓதுகின்றவர்கள் அதனைச் செய்தல் வியப்பே. அவ்வரலாற்றில் நிலையாமை அறிந்தவர் நோயுற்றார். தம்பிக்காகக் கவன்றவர் நோய் தீர்த்தார்.

நாயனார் பிறர் துயரின்முன் நடந்துகொண்ட முறை திங்களூரில் தெரியவருகின்றது. அப்பூதியடிகளின் மூத்த மகனார் வாழைக்குருத்து அரியச் சென்றபோது பாம்பு தீண்டி இறந்தார். விருந்து தடைப்படுமென்று அஞ்சிய பெற்றோர் உடலைப் பாயாற் சுற்றி ஒருபால் மறைத்து, கலங்காதார் போல் நின்று நாயனாரை அமுது செய்ய அழைத்தனர். திருநீறு அளித்தற்கு மூத்த மகனாரை நாயனார் கேட்க, இப்போது அவர் இங்கு உதவார் என்னும் அளவில் அடிகள் விடை கூறினார். அச்சொல்லில் குற்றம் காண்டற்கில்லை. ஆயினும் கேட்ட நாயனாரது திருவுள்ளம் தடுமாறிற்று. மெய் கூறுக என்றார். துயரைச் சொல்லின்கீழ் மறைத்து நிற்றல் எத்தகையது என்பதைப் பாடலிபுத்திரத்தில் பல்லாண்டு அறிந்தவர் அவர். உண்மை தெரிந்தபின் அவர் நிலையாமை பேசினாரல்லர். பெற்றோரது மனவலியைப் புகழ்ந்து அமர்ந்தாருமல்லர். உடலைத் திருக்கோயில்முன் கொணர்வித்துப் பதிகம் பாடினார். பிள்ளையார் உயிர்பெற்று எழுந்தார். அப்போதும் அப்பூதியாரும் மனைவியாரும் நாயனார் அமுது செய்யாது தாழ்த்தமைக்கே நொந்து நின்றனர். அந்நோவையும் நாயனார் கண்டார். அவர்கள் மனைக்கு எழுந்தருளி, அடிகளையும் மக்களையும் உடனிருத்தி அமுது செய்தார்.